ஏப்ரல் 23: பிரிட்டிஷ் வரலாற்றின் தேதிகளைப் படிப்பது எப்படி?

'வரலாற்றில் இன்று' பட்டியல்களில் ஏப்ரல் 23-க்குச் செய்திப் பஞ்சமே இருக்காது. ஷேக்ஸ்பியர் பிறந்ததும் இறந்ததும் அன்றுதான் என்பார்கள். இரண்டாம் சார்லஸ் 1661-லும், இரண்டாம் ஜேம்ஸ் 1685-லும், ஆன் அரசி 1702-லும் முடிசூடியது அதே நாளில். ஓவியர் டர்னர் 1775-ல் பிறந்தார், வேர்ட்ஸ்வொர்த் 1850-ல் மறைந்தார். கவிஞர் ரூப்பர்ட் புரூக் 1915-ல், கலிப்போலிப் படையிறக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஸ்கைரோஸ் தீவருகே ஒரு பிரெஞ்சு மருத்துவக் கப்பலில் உயிர்விட்டார். 2018-ல் இளவரசர் லூயி பிறந்தார். இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜின் திருநாளும் இதுவே.

பட்டியலில் எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தாலும் இவை ஒரே வகைத் தேதிகள் அல்ல. 1661-ன் ஏப்ரல் 23 ஒரு நாட்காட்டியில் எழுதப்பட்டது, 1775-ன் ஏப்ரல் 23 இன்னொன்றில். ஒன்று தேவாலயப் பதிவேட்டிலிருந்து ஊகித்தது, ஒன்று கல்வெட்டில் பொறித்தது, ஒன்று மருத்துவமனையிலேயே பதிவானது. ஒரு பிரிட்டிஷ் தேதியைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த நாட்காட்டி? ஆண்டு எந்த நாளில் தொடங்கியது? அந்தத் தேதியை நமக்குச் சொன்ன ஆவணம் எது?

இரண்டு நாட்காட்டிகள்

ஜூலியஸ் சீசர் காலத்து ஜூலியன் நாட்காட்டியில் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு, விதிவிலக்கே கிடையாது. அதனால் ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365.25 நாள். பருவங்களோடு ஒத்துப்போகும் சூரிய ஆண்டோ சுமார் 365.2422 நாள்தான். வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நிமிடம். அது சேர்ந்து சேர்ந்து 128 ஆண்டில் ஒரு முழு நாளாகிவிடும். 16-ஆம் நூற்றாண்டில் வசந்த காலச் சம இரவு நாள், தேவாலயம் கணக்கில் வைத்திருந்த மார்ச் 21-லிருந்து பத்து நாள் முன்னால் வந்துவிட்டது. ஈஸ்டர் நாளைக் கணிப்பதே அதை வைத்துத்தான் என்பதால் சும்மா விட முடியவில்லை.

போப் 13-ஆம் கிரகோரி 1582-ல் இரண்டு காரியம் செய்தார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கிப் பத்து நாட்களை நீக்கினார். இனிமேல் பிழை சேராதபடி, நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்று விதித்தார். 1600 லீப் ஆண்டு, 1700, 1800, 1900 மூன்றும் அல்ல, 2000 மறுபடி லீப் ஆண்டு. இதுதான் கிரகோரியன் நாட்காட்டி.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் உடனே மாறின, பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. புராட்டஸ்டண்ட் இங்கிலாந்து போப்பின் ஆணையை ஏற்க மறுத்துப் பழைய நாட்காட்டியிலேயே இருந்தது, 170 ஆண்டுகள்! அவ்வளவு காலமும் லண்டனிலிருந்து பாரிஸுக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தாலே தேதி மாறிவிடும். 1688-ல் ஆரஞ்சு வில்லியம் (பின்னாளில் அரசர் மூன்றாம் வில்லியம்) ஹாலந்திலிருந்து கிளம்பி இங்கிலாந்தின் டோர்பேயில் கரையிறங்கிய நாள் ஆங்கிலேயருக்கு நவம்பர் 5, டச்சுக்காரருக்கு நவம்பர் 15.

வித்தியாசம் எப்போதும் பத்து நாள் அல்ல என்பதைக் கவனியுங்கள். 1600 இரண்டு நாட்காட்டியிலும் லீப் ஆண்டு என்பதால் இடைவெளி அப்படியே இருந்தது. 1700 ஜூலியனில் மட்டும் லீப் ஆண்டு. அதனால் 1700 பிப்ரவரி வரை 10 நாள், மார்ச் முதல் 11 நாள். பெரும்பாலான மாற்றுப் பிழைகள் இங்கேதான் நேர்கின்றன.

1752 செப்டம்பர்

செஸ்டர்ஃபீல்டு பிரபு 1751-ல் நாடாளுமன்றத்தில் நாட்காட்டி மசோதாவைக் கொண்டுவந்தார். கணக்கு வேலையில் துணை நின்றவர்கள் மாக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவும் அரச வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லியும். சட்டப்படி 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. கிழமை வரிசை அறுபடவில்லை, தேதி எண் மட்டும் தாவியது. அமெரிக்கா உள்ளிட்ட குடியேற்றங்களுக்கும் இதே சட்டம்தான்.

சட்டத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். வாடகை, கடன், ஒப்பந்தத் தவணைகள் பதினொரு நாள் முன்கூட்டியே வந்து விழக் கூடாது, 21 வயது நிறைவதும் உண்மையில் கழிந்த நாட்களை வைத்தே கணக்கிடப்பட வேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். இதன் எச்சம் இன்றும் இருக்கிறது. மார்ச் 25-ல் முடிந்த பழைய கணக்கோடு 11 நாள் கூட்டினால் ஏப்ரல் 5. பிரிட்டனின் வரி ஆண்டு முடியும் நாள் அதுதான்.

'எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு' என்று மக்கள் கலகம் செய்தார்கள் என்ற கதையைப் பல பட்டியல்கள் சம்பவமாகவே சேர்த்துவிடுகின்றன. அப்படியொரு கலகம் நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. வில்லியம் ஹோகார்த் 1750-களில் வரைந்த ஒரு தேர்தல் விருந்துக் காட்சியில், தரையில் கிடக்கும் பதாகை ஒன்றில் அந்த வாசகம் இருக்கிறது. தேர்தல் முழக்கத்தைக் கிண்டல் செய்த ஓவியம், பின்னாளில் கலகத்துக்குச் சாட்சியாகிவிட்டது. பட்டியல் தயாரிப்பவர்கள் இதைத் துணிந்து நீக்கலாம்.

ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல்

நாள் குழப்பத்தைவிட இந்த ஆண்டுக் குழப்பம் மோசமானது. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டு ஜனவரி 1-ல் தொடங்கவில்லை. மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன திருநாளான மார்ச் 25-ல் தொடங்கியது. 1750 மார்ச் 24-க்கு அடுத்த நாள் 1751 மார்ச் 25! 1751-ஆம் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கி டிசம்பர் 31-லேயே முடிந்துவிட்டது, மொத்தம் 282 நாள்தான். நாட்காட்டிச் சட்டத்துக்கு 1751 மே மாதம் அரச ஒப்புதல் கிடைத்தும் அதன் பெயரில் 1750 என்று இருப்பதன் காரணமும் இதுவே. சட்டங்களுக்குக் கூட்டத்தொடர் தொடங்கிய நாளை வைத்தே ஆண்டு குறிப்பார்கள். அந்தக் கூட்டத்தொடர் தொடங்கிய ஜனவரி, பழைய கணக்கில் இன்னும் 1750.

ஏப்ரல் 23 மார்ச் 25-ஐத் தாண்டி வருவதால் அந்தத் தேதியின் ஆண்டு தானாக மாறாது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களோடு சேர்த்துப் பார்த்தால் சிக்கல் வெளியே வரும். ஆன் அரசியைப் பாருங்கள். மூன்றாம் வில்லியம் இறந்து அவர் அரியணை ஏறியது மார்ச் 8. அன்றைய எழுத்தர் அதை '1701 மார்ச் 8' என்று எழுதியிருப்பார். முடிசூட்டு விழா '1702 ஏப்ரல் 23'. இரண்டையும் அப்படியே எடுத்தால் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து முடிசூடியதாகத் தோன்றும். உண்மையில் இடையில் கழிந்தது 46 நாள்தான். கீல்வாதத்தால் நடக்க முடியாத அவரை நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிச்சென்றார்கள். இரண்டாம் ஜேம்ஸுக்கும் இதே கதைதான். அரியணை ஏறிய பிப்ரவரி 6 பழைய கணக்கில் 1684, முடிசூடிய ஏப்ரல் 23 1685.

இந்தத் தொல்லை அன்றைய மக்களுக்கே இருந்தது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான நாட்களுக்கு இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட நாள் 1648/49 ஜனவரி 30. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பழைய கணக்கு, பின்னால் இருப்பது நம் கணக்கு. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டதால், எடின்பரோ ஆவணத்தில் உள்ள 1649 ஜனவரியும் லண்டன் ஆவணத்தில் உள்ள 1648 ஜனவரியும் ஒரே மாதம். நாள் எண் மட்டும் இரண்டு இடத்திலும் 1752 வரை ஜூலியன்தான்.

ஐசக் நியூட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே நினைவுச்சின்னத்தில் பிறப்பு 1642 டிசம்பர் 25, இறப்பு 1726 மார்ச் 20 என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கிறது. அதை நம்பிக் கழித்தால் வயது 83 வரும். மார்ச் 20, ஆண்டு தொடங்கும் மார்ச் 25-க்கு முன்னால் வருவது, ஆகவே நம் கணக்கில் அது 1727, வயது 84. கல்லில் பொறித்திருப்பதால் மட்டும் தேதி நம் கணக்குக்கு வந்துவிடாது. இதே நியூட்டனைப் பற்றி 'கலிலியோ இறந்த ஆண்டில் பிறந்தார்' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 கிரகோரியன் தேதி. நியூட்டனின் பிறந்தநாளையும் கிரகோரியனுக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. இரு நாட்காட்டியைக் கலந்ததால் பிறந்த பொருத்தம் அது.

மாற்றலாமா, அப்படியே விடலாமா?

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்களின் பொது வழக்கம் இது: 1752-க்கு முந்தைய உள்நாட்டு நிகழ்வுகளுக்கு நாளையும் மாதத்தையும் ஜூலியனிலேயே விட்டுவிடுவார்கள். ஆண்டை மட்டும் ஜனவரி 1-ல் தொடங்குவதாக வைத்துத் திருத்திக்கொள்வார்கள். நல்ல வழக்கம். ஏனென்று அந்த மூன்று முடிசூட்டு விழாக்களை மாற்றிப் பார்த்தாலே தெரியும். 1661-ம் 1685-ம் மே 3 ஆகும், 1702-க்கு 11 நாள் கூட்ட வேண்டியிருப்பதால் அது மே 4 ஆகும். புனித ஜார்ஜ் திருநாள் என்பதற்காகவே விரும்பித் தேர்ந்த நாள் சிதறிப்போய்விடும்.

விதிவிலக்குகளும் உண்டு. 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போர் நடந்தது ஜூலை 1. கிரகோரியனில் சரியாகப் பார்த்தால் ஜூலை 11. வட அயர்லாந்தில் கொண்டாடுவதோ ஜூலை 12-ல். 17-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 18-ஆம் நூற்றாண்டின் 11 நாளைக் கூட்டினால் 12 வரும். 1691-ல் ஜூலியன் ஜூலை 12-ல் நடந்த ஆக்ரிம் போரின் நினைவும் அதோடு கலந்துவிட்டது. கொண்டாடும் நாள் வேறு, நடந்த நாள் வேறு என்று இரண்டாகக் குறித்துவைப்பதே இங்கே சரி.

வெளிநாட்டு நிகழ்வோடு ஒப்பிடும்போது மட்டும் மாற்றியே ஆக வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-ல் ஒன்றாக இறந்தார்கள் என்பது புகழ்பெற்ற கூற்று. யுனெஸ்கோ 1995-ல் இந்த நாளை உலகப் புத்தக நாளாக ஏற்றதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். ஸ்பெயின் அப்போது கிரகோரியனில் இருந்தது. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் 23. ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3. இருவரின் மறைவுக்கும் இடையே 11 நாள் இருக்கிறது. (பிரிட்டனிலோ புத்தக நாளை மார்ச் முதல் வியாழக்கிழமை கொண்டாடுகிறார்கள். பிரிட்டிஷ் பட்டியலில் ஏப்ரல் 23-ல் இதைச் சேர்ப்பவர்கள் அதையும் சொல்லிவிடுவது நல்லது.)

பிறந்தநாளை யார் எழுதிவைத்தார்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு பிறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. ஸ்காட்லாந்தில் 1855. அதற்கு முன்னால் இருந்தவை 1538-ல் தாமஸ் க்ராம்வெல்லின் ஆணைப்படி தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள். அவற்றில் எழுதியது பெரும்பாலும் பிறந்த நாளை அல்ல, ஞானஸ்நானம் கொடுத்த நாளை.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி டிரினிட்டி தேவாலயப் பதிவேட்டில் ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26. அடக்கம் செய்தது 1616 ஏப்ரல் 25. இறந்தது ஏப்ரல் 23 என்று சொல்வது பதிவேடு அல்ல, தேவாலயச் சுவரில் உள்ள நினைவுச்சின்னம். அவருடைய 53-ஆம் வயதில் இறந்ததாக அது சொல்கிறது. அதாவது 52 நிறைந்து 53 நடந்தது. இதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிவது, 1564 ஏப்ரல் 23-லோ அதற்குச் சற்று முன்னரோ பிறந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே. 'பிறந்த மூன்றாம் நாள் ஞானஸ்நானம் கொடுப்பது அன்றைய விதி' என்று பலர் எழுதுவது தவறு. பிறந்த பிறகு வரும் ஞாயிறையோ திருநாளையோ தாண்ட விடாதீர்கள் என்பதுதான் அன்றைய வழிபாட்டு நூலின் அறிவுரை. ஆகவே பட்டியலில் 'பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது ஏப்ரல் 23, ஞானஸ்நானம் ஏப்ரல் 26' என்று எழுதுவதே நேர்மை.

டர்னர் 211 ஆண்டு பிந்தியவர், நாட்காட்டி மாறிய பிறகு பிறந்தவர். ஆனாலும் பதிவு முறை மாறியிருக்கவில்லை. கோவென்ட் கார்டனில் அவருக்கு ஞானஸ்நானம் ஆனது 1775 மே 14. ஏப்ரல் 23 என்பது அவரே சொல்லிக்கொண்ட பிறந்தநாள். இளவரசர் லூயி பாடிங்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பிறந்ததும், அன்றே அரண்மனை அறிவித்ததும் வேறு வகை ஆதாரம். மூன்றுமே ஒரே தேதி, உறுதியின் அளவு மட்டும் மூன்று.

அரசர்களின் பிறந்தநாளில் இன்னொரு கண்ணி உண்டு. மூன்றாம் சார்லஸ் பிறந்தது 1948 நவம்பர் 14. அணிவகுப்போடு நடக்கும் 'அதிகாரபூர்வப் பிறந்தநாள்' ஜூனில். செய்தித்தாளில் ஜூன் மாதம் 'அரசர் பிறந்தநாள்' என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள்.

1752-க்குப் பிறகும் கவனம் வேண்டும்

நாட்காட்டிச் சிக்கல் தீர்ந்த பிறகு வருவது நள்ளிரவுச் சிக்கல். 1918-ல் பெல்ஜியத்தின் சேப்ருகே துறைமுகத்தைப் பிரிட்டிஷ் கடற்படை தாக்கியது. படை கிளம்பியது ஏப்ரல் 22, 'விண்டிக்டிவ்' கப்பல் துறைமுகத் தடுப்புச் சுவரை எட்டியது 23 பிறந்து ஒரு நிமிடத்தில். ஏப்ரல் 23 என்று எழுதுவது சரி, '22–23 இரவு' என்பது இன்னும் சரி. 1979-ல் லண்டனின் சவுத்தாலில் தீவிர வலதுசாரிக் கட்சியான நேஷனல் ஃப்ரன்ட்டின் கூட்டத்தை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் தலையில் அடிபட்டது ஏப்ரல் 23 மாலை. இறந்தது நள்ளிரவு தாண்டி, 24-ல். அவர் மறைவை 23-ல் எழுதும் பட்டியல்கள் பல.

தொடக்கம் எது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1968 ஏப்ரல் 23-ல் 5 பென்ஸ், 10 பென்ஸ் நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. பழைய ஒரு ஷில்லிங், இரண்டு ஷில்லிங் நாணயங்களின் அதே அளவு, அதே மதிப்பு. சில்லறை மக்கள் கைக்குப் பழகட்டும் என்று முன்கூட்டியே விட்டார்கள். பிரிட்டன் தசம முறைக்கு மாறியது 1971 பிப்ரவரி 15. முதலாவதைத் 'தசம முறை தொடங்கிய நாள்' என்று எழுதினால் மூன்று ஆண்டு தப்பு.

புனித ஜார்ஜ் திருநாளே இடம் மாறும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலோ ஈஸ்டர் வாரத்திலோ ஏப்ரல் 23 விழுந்தால், இங்கிலாந்துத் திருச்சபை அதைத் தள்ளிவைக்கும். 2025-ல் ஈஸ்டர் ஏப்ரல் 20 என்பதால் திருநாள் 28-க்குப் போனது.

குறித்துவைக்கும் முறை

ஒரு தேதிக்கு ஒரே கட்டம் போதாது. ஆவணத்தில் உள்ளபடி, எந்த நாட்காட்டி, திருத்திய ஆண்டு, தேவைப்பட்டால் கிரகோரியன் தேதி, என்ன வகைச் சான்று என்று ஐந்து கட்டம் வையுங்கள். எக்செல் 1900-க்கு முந்தைய நாட்களைத் தேதியாக ஏற்காது. ஆகவே எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவே வைத்து, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். மாற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் ஆண்டைத் திருத்த வேண்டும், பிறகுதான் 10 அல்லது 11 நாளைக் கூட்ட வேண்டும். வரிசை மாறினால், பழைய மார்ச் 20 கூட்டலுக்குப் பின் மார்ச் 31 ஆகி, திருத்தம் தேவையில்லாத தேதிபோலக் காட்சி தரும். ஆண்டு ஒன்று குறைந்தே நின்றுவிடும்.

சரிபார்க்கக் கிழமைதான் நல்ல கருவி. இரண்டாம் சார்லஸ் முடிசூடியது செவ்வாய்க்கிழமை. 1661 ஏப்ரல் 23-ஐக் கிரகோரியன் கணக்கில் ஓடும் சாதாரண மென்பொருளில் போட்டால் சனிக்கிழமை என்று காட்டும். மே 3 என்று போட்டால் செவ்வாய் வரும். ஆவணத்தில் கிழமை இருந்தால் அந்தத் தேதி எந்த நாட்காட்டி என்பதை இப்படிக் கையோடு உறுதிசெய்துவிடலாம்.

இந்தப் பயிற்சி சென்னை வரலாற்றைப் படிக்கவும் உதவும். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்குப் புனித ஜார்ஜின் பெயரை வைத்தது. அது ஏப்ரல் 23-ல் முடிந்ததாகச் சொல்லும் நூல்களிலேயே ஆண்டு 1640 என்றும் 1644 என்றும் வேறுபடும். உட்கோட்டையா, முழுக் கோட்டையா, எது முடிந்ததைச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயிடம் அந்தக் கோட்டை சரணடைந்தது ஆங்கிலேய ஆவணங்களில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணங்களில் செப்டம்பர் 21. ஒரே நாள்தான். புதுச்சேரித் தரப்பிலிருந்து ஒரு தேதியும் மதராஸ் தரப்பிலிருந்து ஒரு தேதியும் எடுத்துக் காலவரிசை போட்டால், சரணடைந்து பதினொரு நாள் கழித்து மறுபடி சரணடைந்ததாக வந்து நிற்கும்.